காந்தமும் எலுமிச்சம்பழமும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஸ்டீல் நல்லது மேடம்?" என்பதுதான். அதற்குச் சரியான பதில் எனக்குத் தெரியாது. ராஜகீழ்ப்பாக்கத்தில் இத்தனை வருஷம் கத்திக் கடை நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் இப்படிச் சொன்னால் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இரும்பு விஷயமெல்லாம் என் கொழுந்தன் தேவாவின் பொறுப்பு. பின்பக்கப் பட்டறையில் அடிப்பதும் தீட்டுவதும் அவன். முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசுவது நான். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கேள்வி கேட்பது.

நிறையவே கேட்பேன். என்ன நறுக்குகிறீர்கள், உட்கார்ந்துகொண்டா நின்றுகொண்டா, எந்தக் கை, கடைசியாக எப்போது விரலை வெட்டிக்கொண்டீர்கள். பிறகு பிசைந்த மாவு உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்து, கத்தியைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். அந்த அச்சை வைத்துத்தான் தேவா பிடியைச் செதுக்குவான். "கத்தி வாங்க வந்தா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிக்கிறீங்களே" என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. என்ன செய்வது, பிறவிக் குணம். ஏன் என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மை பேசினால் வியாபாரம் தானாகப் பெருகும் என்று யாராவது உங்களுக்கு வகுப்பு எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மேடவாக்கத்தில் புதிதாக ஃபிளாட் வாங்கிய ஒருவர், அலை அலையாகக் கோடு ஓடும் கத்தி வேண்டும் என்று செல்போனில் படத்தோடு வந்தார். இரண்டு வகை இரும்பை மடித்து மடித்து அடித்தால் வரும் கோடு அது. அவர் சொன்ன விலைக்கு ஆசிட்டில் வரைந்த கோடுதான் கிடைக்கும், தேய்க்கத் தேய்க்கப் போய்விடும் என்றேன். "பரவாயில்ல மேடம், பார்க்க அப்படி இருந்தா போதும்" என்றார். அப்படியானால் வரைந்த கோடு என்று பில்லில் எழுதித் தருகிறேன் என்றேன். மனிதர் முகம் சுண்டிப்போய்ப் படியிறங்கினார், பிறகு வரவேயில்லை. வேறெங்கோ வாங்கிச் சந்தோஷமாகத்தான் இருப்பார். அன்றைக்கு உண்மையால் எனக்கு ஆன லாபம் ஒரு டம்ளர் காபிக்குக் கூடக் காணாது.

ஆகவே நேர்மையின் மகிமையைப் பாட நான் வரவில்லை. செல்வி என்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

செல்விக்குப் பெரும்பாக்கத்தில் வீடு. ஊருக்கு நடுவே ஆற்றோரம் இருந்த குடிசைகளை எடுத்தபோது அந்த அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அவளும் அதே பிளாக்கில் இருக்கும் ஐந்து பெண்களும் சேர்ந்து, காய்கறியை நறுக்கிப் பாக்கெட் போட்டு அபார்ட்மென்ட் வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துச் சமையல் கான்ட்ராக்டர் ஒருவர் கல்யாணங்களுக்குக் காய் நறுக்கும் வேலையைக் கொடுத்தார். முதல் கல்யாணத்திலேயே சிக்கல். சாதாரண இரும்புக் கத்தி பட்டு வாழைக்காயும் வாழைத்தண்டும் கறுத்துப்போயின. "இன்னொரு தடவை கறுத்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அடுத்த கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, சேலையூரில் ஒரு மண்டபத்தில். அதற்காகத்தான் துரு ஏறாத கத்தி ஆறு, ஆளுக்கொன்றாக, ஆறு பேரும் நேரில் வந்து மாவு உருண்டையைப் பிடித்துக் காட்டிச் செய்யச் சொன்னது.

கத்திகளை வாங்கிப்போக வியாழக்கிழமை மத்தியானம் செல்வி வந்தாள். கத்திகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தேன். தேவா அவற்றைக் கண்ணாடி போலப் பாலிஷ் போட்டிருந்தான். அவள் ஒன்றையும் கையில் எடுக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய ஒரு காந்தத்தை எடுத்து முதல் கத்தியின் மேல் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இன்னாக்கா இது? ஒட்டிக்கினு கீது!"

"ஒட்டும் செல்வி. கத்தின்னா ஒட்டத்தான் செய்யும்."

"எவர்சில்வர்னா ஒட்டக் கூடாது. எனக்குத் தெரியாதா? வெறும் இரும்ப பளபளன்னு தேச்சி குடுத்துக்கீற."

கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் கையில் எடுத்திருந்த கத்திகளை மெல்லக் கீழே வைப்பதைப் பார்த்தேன். அவசர அவசரமாக விளக்கினேன். பாத்திரம் செய்யும் எவர்சில்வர் வேறு, கத்தி செய்யும் எவர்சில்வர் வேறு. பாத்திரத் தகடு காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அதைக் காய்ச்சினாலும் கெட்டிப்படாது, கூர் நிற்காது. கத்தித் தகடு காய்ச்சினால் கெட்டிப்படும், காந்தத்திலும் ஒட்டும். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே நான் புளுகுவதுபோல் இருந்தது. ஏமாற்றுகிறவர்கள்தானே இவ்வளவு நீளமாகப் பேசுவார்கள்?

தேவா என்னை உள்ளே கூப்பிட்டான். "அண்ணி, பிடிக்கு மேல போடற தகடு கொஞ்சம் இருக்கு. அது பாத்திர ஸ்டீல், ஒட்டாது. சாயங்காலத்துக்குள்ள அதுலயே ஆறு வெட்டித் தந்துடறேன். அவங்க கேக்கறதும் அதானே? நாம ஒண்ணும் பொய் சொல்லலையே."

"கூர் நிக்காதேடா."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிக்கும். அப்புறம் தீட்டிக் குடுப்போம்."

உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நாமாக ஏமாற்றினால்தானே தப்பு, அவளே கேட்டு வாங்கிக்கொண்டால் நமக்கென்ன? நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பீர்கள். வாங்குகிறவருடைய சோதனையில் தேறுகிற மட்டமான பொருள் ஒரு பக்கம், தேறாத நல்ல பொருள் மறுபக்கம். அன்றைக்கு என்னை இழுத்துப் பிடித்தது மொட்டைக் கத்தி பற்றிய பயம்தான். கூர் போன கத்தியை அழுத்தி வெட்டும்போதுதான் அது வழுக்கிக்கொண்டு விரலுக்கு வரும். சேனைக்கிழங்கும் பரங்கிக்காயும் நறுக்கப்போகும் ஆறு பேருடைய கைகளின் அச்சும் என் அலமாரியில் காய்ந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து, விளக்குவதை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். "செல்வி, காந்தம் வச்சுப் பாக்கணும்னு உனக்கு யார் சொன்னது?"

அவள் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கியிருக்கிறாள். குடம் ஒரே மாதத்தில் துரு ஏறிவிட்டது. "சம்பந்தியம்மா அந்தக் குடத்த வாசப்படியாண்ட வச்சுட்டாங்கக்கா. போறவன் வர்றவன்லாம் பாக்கட்டும்னு. என் பொண்ணு தெனம் அத தாண்டிதான் உள்ள போவணும். அதுக்கப்புறம்தான் ஒரு பாத்திரக் கடைக்காரரு இத சொல்லிக் குடுத்தாரு. அன்னிலேர்ந்து காந்தம் இல்லாம நான் ஒரு கரண்டி கூட வாங்கறதில்ல."

கொஞ்சம் முன்புதான் இவளுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டிருந்தேன். அவள் பட்ட அவமானம் அந்தக் காந்தத்தில் இருந்தது. அதைப் போய்த் தப்பு, தூக்கிப் போடு என்று சொன்னால் எப்படிப் போடுவாள்?

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில ஒட்டாத கத்தி கீதாம், அங்க வாங்கிக்கறேன்" என்று எழுந்தாள்.

"நானும் வரேன்."

"நீ இன்னாத்துக்குக்கா?"

"சும்மா, பாக்கத்தான்." அது பொய்யில்லை. அந்தக் காந்தம் சந்தையில் எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்று தெரிந்துகொள்ள எனக்கு நிஜமாகவே ஆசை வந்துவிட்டது.

மறுநாள் தாம்பரத்தில் ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினோம். சந்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புறாக் கூண்டிலிருந்து பழைய கம்ப்யூட்டர் வரை தார்ப்பாயில் பரப்பி வைத்திருப்பார்கள். செல்வி நேராகக் கத்திக்காரனிடம் போகப் பார்த்தாள். நான் அவளைப் பழைய சாமான் விற்கிறவரிடம் நிறுத்தினேன். "இதுல எதெது ஒட்டுதுன்னு பாரேன்" என்றேன்.

கத்திரிக்கோலில் வைத்தாள், ஒட்டியது. உளி, ரம்பம், சவரக்கத்தி, அரிவாள்மணையின் அலகு, பல்லாவரத்துத் தோல் பட்டறைகளிலிருந்து வந்த தோல் சீவும் கத்தி என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். எல்லாம் ஒட்டின. பக்கத்திலேயே எவர்சில்வர் கடை. டம்ளர் ஒட்டவில்லை. தட்டு ஒட்டவில்லை. கரண்டி ஒட்டவில்லை. அவளுக்கு வேகம் வந்துவிட்டது. ஒரு சின்னப் பெண்ணைப்போலக் கடை கடையாகக் காந்தத்தோடு ஓடினாள், நான் பின்னாலேயே ஓடினேன்.

"இன்னாம்மா, வாங்கறியா இல்ல வைத்தியம் பாக்கறியா?" என்று எவர்சில்வர் கடைக்காரர் சத்தம் போட்டார்.

செல்வி நடுவழியில் நின்றுவிட்டாள். "அக்கா, திங்கறது குடிக்கிறது எல்லாம் ஒட்டல. வெட்டறது எல்லாம் ஒட்டுது."

நான் வாயே திறக்கவில்லை. தொழிலில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் அதுவும் ஒன்று.

கடைசியாகக் கத்திக்காரனிடம் போனோம். அவனிடம் காந்தம் ஒட்டாத பளபளக் கத்தி நிஜமாகவே இருந்தது. செல்வி ஒன்றை வாங்கி, பக்கத்தில் ஒரு பரங்கிக்காயும் வாங்கி, அதன் காம்பில் வைத்து அழுத்தினாள். கத்தியின் விளிம்பு மடங்கிக்கொண்டது. அவனைத் திட்டப் போனாள். "அவனை ஏன் திட்டறே? நீ கேட்டதைத்தானே வச்சிருக்கான்" என்றேன். முந்தினநாள் தேவா என்னிடம் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது, நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். குரோம்பேட்டை தாண்டியதும் செல்வி கேட்டாள்: "சரிக்கா. உன் கத்தியும் ஒட்டுது. துரு பிடிக்கிற கத்தியும் ஒட்டுது. அப்ப உன்னுது எதுன்னு எனக்கு எப்டி தெரியும்?"

பாருங்கள், நாள் முழுக்க அவளை அலையவைத்து நான் நிரூபித்தது காந்தத்தால் என்னைக் காப்பாற்ற முடியாது என்பதைத்தான். "நீயே சொல்லேன். எப்படிப் பாக்கலாம்?" என்றேன்.

அவள் யோசித்தாள். "ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் அரிஞ்சிட்டு, கத்திய கழுவாம போட்டா காலைல தெரிஞ்சிடும்."

கடைக்கு வந்து, எலுமிச்சம்பழங்களைப் பாதியாக வெட்டி, உப்பில் தோய்த்து, ஆறு கத்தியிலும் ஒவ்வொன்றைக் குத்தித் தட்டில் வரிசையாக வைத்தோம். செல்வி கைகழுவிக்கொண்டு கிளம்பினாள். "இங்கயே இருக்கட்டும்க்கா. வூட்ல பசங்க கீதுங்க, கத்தியெல்லாம் வைக்க முடியாது. காலைல வரேன்." எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் பாக்கி டம்ளரை எடுக்க உள்ளே வந்தவர், கத்தியும் எலுமிச்சம்பழமுமாக இருந்த தட்டைப் பார்த்துவிட்டு டம்ளரை எடுக்காமலே திரும்பினார். "ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க…" என்று அவர் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்து பழங்களை உருவினேன். ஐந்து கத்திகள் கழுவியதும் பளிச்சென்று இருந்தன. ஆறாவதில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள், அலகின் நடுப்பக்கம் முழுக்க. செல்வியின் கைக்கென்று செய்த கத்தி அது.

தேவா எட்டிப் பார்த்தான், அவன் முகம் வெளுத்துவிட்டது. "குடுங்க அண்ணி, ரெண்டு நிமிஷம். பாலிஷ் வீல்ல காட்டினா போயிடும்."

"போயிடுமா?"

"போயிடும். அவங்க இப்போ வந்துடுவாங்க, குடுங்க."

அவன் சொன்னது சரி. புள்ளிகள் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் நான் ஒரு உத்தமியாக நின்று மறுத்தேன் என்று சொல்ல ஆசைதான். நடந்தது அது அல்ல. ஒரே தகட்டில், ஒரே நாளில், ஒரே ஆள் செய்த ஆறு கத்தியில் ஒன்று மட்டும் ஏன் இப்படி ஆனது? அது தெரியாமல் கத்தியைக் கையைவிட்டுக் கொடுக்க என்னால் முடியவில்லை. பாலிஷ் போட்டால் புள்ளியோடு காரணமும் போய்விடுமே. வாசல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, செல்வி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"துருவாக்கா?"

"துருதான் செல்வி. ஏன்னு தெரியல."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் தேவாவைக் கேட்க ஆரம்பித்தேன். இந்தக் கத்தியை எப்போது முடித்தாய்? கடைசியாக. அதற்கு முன்னால் என்ன செய்தாய்? மற்ற ஐந்தையும். நடுவில்? நடுவில் ஒன்றுமில்லை. சாப்பிடப் போனாயா? போனேன். வந்து முதலில் எதைத் தொட்டாய்? தேவா நின்றுவிட்டான்.

"அரிவாள்மணை, அண்ணி. ஒருத்தர் அவசரம்னு வந்தாரு. அத தீட்டிக் குடுத்துட்டுத்தான் இத எடுத்தேன்." தலையில் கைவைத்துக்கொண்டான். "பெல்ட்ட மாத்தல. பாலிஷ் வீலும் அதேதான்."

விஷயம் இவ்வளவுதான். சாதாரண இரும்பைத் தேய்த்த அதே உப்புத்தாள் பெல்ட்டில் இந்தக் கத்தியையும் தேய்த்திருக்கிறான். இரும்புத் தூள் கத்தியின் மேலே பதிந்து உட்கார்ந்துவிட்டது. துரு பிடித்தது அந்தத் தூளுக்குத்தான், கத்தி நல்ல கத்திதான். இதைச் சொன்னதும் செல்வி சட்டென்று பிடித்துக்கொண்டாள். "மீன் அரிஞ்ச பலகையில காய் அரிஞ்சா கவுச்சி அடிக்காதா? அதான்க்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேவா சொன்னபடி அந்தப் பாலிஷ் வீலில் காட்டியிருந்தால், அதே இரும்புத் தூளை இன்னும் கொஞ்சம் பூசித்தான் கொடுத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், வாழைத்தண்டுக்கு நடுவில், கான்ட்ராக்டரின் கண்ணெதிரில் அது மறுபடி துருவாக வந்திருக்கும். செல்வி இன்னொரு குடத்தைத் தாண்டிப் போகிறவளாக ஆகியிருப்பாள்.

தேவா புதுப் பெல்ட் மாட்டிக் கத்தியை முழுக்கச் சீவிக் கொடுத்தான். அன்றே எவர்சில்வருக்குத் தனி பெல்ட், தனி வீல் என்று ஆனது. மத்தியானம் வரை செல்வி அதே கத்தியில் இன்னொரு எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைத்துக் காவல் இருந்தாள், பிறகுதான் ஆறையும் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். "துருவே ஏறாதுன்னு நான் சொல்ல மாட்டேன் செல்வி. கழுவித் துடைச்சு வச்சா ஏறாது" என்று வாசல் வரை போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அண்டா நிறைய மோர்த் தண்ணீரில் வாழைத்தண்டு, பூப்போல வெள்ளையாக.

வாங்குகிறவர் ஒரு சோதனையோடு வந்தால், அது தப்பான சோதனையாகவே இருந்தாலும், அதை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உங்கள் பொருளில் குறை தெரிந்தால், மறைப்பதற்கு முன்னால் ஏன் என்று ஒரு தடவை பாருங்கள். பார்த்த பிறகு மறைக்கத் தோன்றாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். என்னுடைய நேர்மை என்று பிற்பாடு கடைக்கு வந்தவர்கள் சொன்னதில் முக்கால்வாசி என்னுடைய ஆவல்தான். இதோடு என் அறிவுரை தீர்ந்தது. ஆனால் செல்வி அதற்கு மேலும் ஒன்று வைத்திருந்தாள்.

சில மாதம் கழித்து, கூட்டத்தில் சேர்ந்த புதுப் பெண்களுக்குக் கத்தி செய்ய அவர்களை அழைத்துக்கொண்டு வந்தாள். கத்திகள் தயாரானதும் வாங்கிப்போகத் தனியாக வந்தாள். நான் முன்கூட்டியே தட்டில் எலுமிச்சம்பழமும் உப்பும் எடுத்து வைத்திருந்தேன், கொஞ்சம் பெருமையாகவே. செல்வி தட்டைப் பார்த்தாள். முந்தானையில் அன்று காந்தமும் இல்லை.

"இன்னாத்துக்குக்கா பழம்?"

"சோதிச்சுப் பாக்க வேணாமா? அன்னைக்கு ராத்திரி முழுக்க வச்சியே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அக்கா, பெரும்பாக்கத்துல எங்க வூட்ல வைக்க இடமா இல்ல? அன்னிக்கு நான் கத்தியப் பாக்கவா உங்கிட்ட வுட்டுட்டுப் போனேன்?"

எத்தனை பேரை எத்தனை கேள்வி கேட்டிருப்பேன். அவள் ஏன் கத்திகளைக் கடையிலேயே விட்டுப் போகிறாள் என்று கேட்க மட்டும் எனக்கு அன்று தோன்றவில்லை. உள்ளே தேவா இருமுவது கேட்டது, அவனும் காதில் வாங்கியிருக்கிறான்.

நான் அந்த எலுமிச்சம்பழத்தை வெட்டி, பிழிந்து, தட்டில் இருந்த உப்பைப் போட்டு, மூன்று டம்ளர் ஜூஸ் கலந்தேன்.